மெழுகு வீடும் டுக்டுக் படகும்

தாராவி அந்தோணியார் சந்தில் வேதமுத்து வாங்கிய பத்துக்குப் பன்னிரண்டு வீடு, 1995ஆம் வருஷத்து மழையில் முதல் தடவையாகப் புறப்பட்டுச் சயான் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாக யாரும் நினைக்க வேண்டாம். வீடு தன் சொந்த முயற்சியில்தான் போனது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியிருந்த காலை நேரம். வேதமுத்துவின் மனைவி லூசியம்மாள் தேயிலைக்குத் தண்ணீர் வைக்கப் பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். ஸ்டவ் சீறிப் பிடித்ததும், மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரியிலிருந்து பின்பக்கச் சாக்கடைக்குப் போகும் இரண்டு குழாய்களும் டுக் டுக் டுக் என்று பேச ஆரம்பித்தன. வீடு ஒரு சாண் உயர்ந்தது. பக்கத்து வீட்டோடு பொதுவாக இருந்த சுவரில் தன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மரியாதையாக விலகி, சந்தை விட்டு வெளியேறியது. நாலடிச் சந்தில் பத்தடி வீடு எப்படிப் போனது என்று கேட்கிறவர்கள் தாராவியில் வீடு பார்த்து அலைந்ததில்லை. அங்கே எல்லாமே கொஞ்சம் ஒடுங்கிக் கொடுக்கும். தொண்ணூறடி ரோடு வழியாகச் சயான் ஸ்டேஷன் வரை போய், பாலத்தடியில் திரும்பி, மத்தியானச் சோற்றுக்கு முன்னால் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. தேயிலைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. தோல்பை தைக்கிற பட்டறையில் வேதமுத்துவுக்கு அரைநாள் சம்பளம் போயிற்று. மற்றபடி வந்த ஒரே புகார் பக்கத்து வீட்டு பேகத்துடையது. அவள் தன் துணிக்கயிற்றின் ஒரு நுனியை லூசியம்மாளின் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தாள். வீட்டோடு கயிறும், கயிற்றோடு அவளுடைய இரண்டு சேலைகளும் சயானைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தன. "போறது போறிய, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா கயித்த அவுத்திருப்பேன்லா?" என்று கேட்டாள்.

வீடு கிளம்பிய காரணம் சந்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய செப்டம்பரில் பாந்திரா மாதா திருவிழாவில் நடந்த சங்கதி அது. அந்தத் திருவிழாவில், வேண்டியதை மெழுகில் வாங்கிக் காணிக்கை வைப்பார்கள். பிள்ளை வேண்டுமென்றால் மெழுகுப் பிள்ளை, கால் சுகமாக வேண்டுமென்றால் மெழுகுக் கால், வாடகை வீட்டில் சீரழிகிறவர்களுக்கு மெழுகு வீடு. பன்னிரண்டு வருஷம் கோலி என்கிற ஒற்றை அறை வாடகை வீடுகளில் மாறி மாறிக் கிடந்த லூசியம்மாள் வழக்கம்போல ஒரு மெழுகு வீடு வாங்கி, குழந்தை கையால் வைத்தால் மாதா சீக்கிரம் இரங்குவாள் என்று எட்டு வயது மகள் ஜெஸியிடம் கொடுத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. மாதா கோயிலுக்குப் போகிற வழி பூராவும் பொம்மைக் கடைகள். அந்தப் பத்தாண்டில் பிள்ளையாக இருந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், கண் கலங்காமல் சொல்ல மாட்டார்கள். பொத்தானை அமுக்கினால் தண்ணீருக்குள் வளையங்கள் எழும்பிக் குச்சியில் விழுகிற டப்பா, வயிற்றை அழுத்தினால் டிக் டிக் என்கிற தகரத் தவளை, கண்ணில் வைத்து இழுத்தால் ஊர் ஊராக மாறுகிற படப்பெட்டி, சுருள் கேப் வெடிக்கிற துப்பாக்கி, கட்டம் கட்டமாகச் செங்கல் விழுகிற பிரிக் கேம். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு டுக்டுக் படகை விட்டிருந்தான் ஒருவன். உள்ளே ஒரு சின்னத் திரி, பின்னால் இரண்டு குழாய். வேறு சாவி கிடையாது, பேட்டரி கிடையாது. திரியைக் கொளுத்தினால் தண்ணீரை உறிஞ்சித் துப்பிக்கொண்டு அதுபாட்டுக்கு ஓடும். விளிம்பில் முட்டக் கூடாதென்று சுக்கானை ஒரு பக்கமாக வளைத்து வைத்திருந்தான், அதனால் வட்டமாகவே ஓடியது. ஒரு துண்டுத் தகரத்துக்கு உயிர் கொடுத்தவன் யாரோ, அவன் கையில் மோதிரம் போட வேண்டும். ஜெஸி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஆசை வெட்கமறியாது என்பார்கள், அவள் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாள். வேதமுத்து வாங்கிக் கொடுத்தார்.

ஒரு கையில் வீடு, ஒரு கையில் படகு என்று குழந்தை வரிசையில் நின்றது. வரிசை நீளம், வெயில் கடுமை. உள்ளங்கைச் சூட்டில் மெழுகு வீடு இளக ஆரம்பித்ததும், அது கெட்டுப்போகக் கூடாதென்று ஜெஸி வீட்டைப் படகின் மேல் உட்கார வைத்தாள். அடிமெழுகு தகரத்தில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. காணிக்கை வாங்குகிறவர் இரண்டையும் சேர்த்தே வாங்கி உள்ளே வைத்துவிட்டார். லூசியம்மாள் பார்த்தபோது காரியம் முடிந்திருந்தது. வாங்கி அரைமணி நேரம்கூட ஆகாத படகு! மகள் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். ஜெஸி தலையைத் தடவிக்கொண்டே, "மாதாட்ட எத்தன வீடு கெடக்கும்மா, வெளயாடத்தான் ஒண்ணும் இல்ல" என்றாள். அதற்கு மேல் அடிக்க லூசியம்மாளுக்குக் கை வரவில்லை.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பதற்கிணங்க, எட்டு மாதத்தில் அந்தோணியார் சந்தில் சொந்த வீடு அமைந்தது. அதற்கடுத்த மாதம் மழை வந்ததும் வீடு மிதந்தது. லூசியம்மாள் பங்குச் சாமியாரிடம் போய் முறையிட்டாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாதா கேட்டபடியேதான் கொடுத்திருக்கிறாள், இதில் மந்திரிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். படகின் சுக்கான் வளைந்திருந்ததால் வீடும் வட்டமாகவே போயிற்று, எங்கே சுற்றினாலும் சந்துக்கே வந்து சேர்ந்தது. இந்த ஒரு விஷயத்துக்காக வேதமுத்து அந்தப் படகுக்காரனை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஜெபத்திலும் நினைத்துக்கொண்டார்.

வீடு மிதந்ததில் ஊருக்குக் கிடைத்த லாபம் வேறு. சந்துப் பெண்கள் அப்போது பொம்மை வேலைதான் செய்தார்கள். பட்டறையிலிருந்து மூட்டையாக வருகிற விசில், தவளை, வளைய டப்பா இவற்றின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பிசிறைப் பிளேடால் சீவிக் கொடுப்பது. கொலாபாவிலிருந்து முலுண்ட் வரை பிள்ளைகள் உதடு கிழியாமல் விசில் ஊதினார்கள் என்றால் அது இந்தப் பெண்களின் கை பார்த்த வேலை. கழிபட்ட பொம்மைகள் சந்துப் பிள்ளைகளுக்கு. ஒழுகுகிற வளைய டப்பா, ஒரு பக்கம் மட்டும் டிக் சொல்கிற தவளை. பிள்ளைகள் அவற்றைத் தங்கம்போல வைத்திருந்து, ஒருநாள் சாக்கடையில் தவறவிட்டு, வீடு இடிகிற மாதிரி அழுவார்கள். லூசியம்மாள் வீட்டுக் குழாய்கள் அடித்தண்ணீரை உறிஞ்சித் துப்பியதில், சாக்கடைக்கு அடியில் பல வருஷமாகக் கிடந்த பொம்மைகள் எல்லாம் மேலே வந்தன. வீடு முன்னே போகும், பின்னால் விசில்களும் தவளைகளும் கோலிக்குண்டுகளும் வரிசையாக வரும். கோலிக்குண்டு எப்படி மிதக்கும் என்று கேட்டால், வீடே மிதக்கும்போது குண்டுக்கு என்ன கேடு. ஜெஸி ஜன்னலில் உட்கார்ந்து வலைக்கரண்டியால் அள்ளிப்போடுவாள். யாருடையது எது என்பதில் சண்டையே வந்ததில்லை. தன் பொம்மையின் பல்குறி அவரவருக்குத் தெரியும்.

2005 ஜூலையில் பம்பாய் முழுவதும் முங்கியதே, அன்றைக்குத்தான் அந்த வீடு தன் பெயரை நிலைநாட்டியது. மத்தியானம் கிளம்பியது மறுநாள் மத்தியானம் வரை நிற்கவில்லை. லூசியம்மாள் மண்ணெண்ணெய் தீரத் தீர ஊற்றி ஸ்டவ்வை அணையவிடாமல் காத்தாள். கூரைமேல் நின்றவர்களையும், பஸ் மாடியில் மாட்டிக்கொண்டவர்களையும், ஒரு பிரசவக்காரியையும் வேதமுத்து வாசல் வழியாக இழுத்துப் போட்டார். அந்தப் பத்துக்குப் பன்னிரண்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ண யாருக்கும் நேரமில்லை, எல்லோருக்கும் தேயிலை கிடைத்தது என்பது மட்டும் உறுதி. அன்றைக்கு ஏறியவர்களில் ஒருவன் எதிர்வீட்டு ரிஜோ, ஜெஸியோடு ஒரே வகுப்பில் படித்தவன். காலேஜில் படிக்கிற, மீசை முளைத்த பயல். வீட்டுக்குப் பின்னால் ஒரு வளைய டப்பா மிதந்து வந்ததைப் பார்த்தான். பத்து வயதில் அவன் தொலைத்தது, மூலையில் அவன் கடித்த தழும்போடு. ஊரே முங்கிக்கொண்டிருக்க, அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். ஒருவரும் சிரிக்கவில்லை.

இவ்வளவு பேரும் புகழும் இருந்தும் லூசியம்மாளுக்கு உள்ளூர மனக்குறைதான். மழைக்காலம் வந்தால் அடுக்குப் பாத்திரத்துக்கு அடியில் துணி செருக வேண்டும், தபால்காரன் வீட்டைத் தேடி அலைவான். காட்கோபரிலிருந்து ஜெஸியைப் பெண் பார்க்க வந்த குடும்பம் ஒரு ஜூலை மாதத்தில் வந்து தொலைத்தது. பலகாரத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோதே வீடு கிளம்பிவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் சயானில் இறங்கிக்கொண்டவள்தான், பிறகு தகவல் இல்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதையாகச் சாதிசனம் இதையே பேசிப் பேசி, ஜெஸிக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்தாள். "அசையாத வீட்டுல ஒருநா படுத்துட்டுச் சாவணும்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் ஜெஸிக்கு நெஞ்சில் முள் குத்தும். அம்மா கேட்ட வரத்தைக் கெடுத்தவள் தானல்லவா. ஒவ்வொரு செப்டம்பரும் மெழுகு வீட்டை மட்டும் இரண்டு கைகளாலும் தனியாகப் பிடித்துக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். மாதா ஒரு தடவை கொடுத்ததை மாற்றிக் கொடுக்கிற கடைக்காரி இல்லை. 2011இல் வேதமுத்து இறந்தார், நல்ல மே மாதத்தில். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏறி இறங்கும்வரை வீடு அசையாமல் நிற்கட்டும் என்று மழைக்கு முன்னாலேயே போய்விட்ட மனுஷன் என்று லூசியம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு சந்து முழுவதையும் இடித்து மாடி கட்டினார்கள். 2023 மே மாதம் ஜெஸிக்கும் அம்மாவுக்கும் பதினைந்தாவது மாடியில் வீடு கிடைத்தது. லிப்ட், பால்கனி, குழாயில் வருகிற கேஸ், பளபளவென்று டைல்ஸ். ஜெஸி சாவியை அம்மா கையில் வைத்து, "இந்தா, ஒனக்கு அசையாத வீடு" என்றாள். முப்பது வருஷத்துக் கடன் தீர்ந்ததாக நினைத்தாள்.

ஜூனில் மழை பிடித்தது. கீழே ரோடு முங்கியது. வீடு அசையவில்லை. லூசியம்மாள் பழக்கதோஷத்தில் பாத்திரங்களுக்கு அடியில் துணி செருகி வைத்துவிட்டு, ஸ்டவ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அன்றோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று. படுப்பாள், கண்ணைத் திறந்துகொண்டே கிடப்பாள், எழுந்து கேஸைப் பற்றவைத்துக் குழாயில் காது வைத்துக் கேட்பாள். ஜூலையில் சாப்பாடும் போயிற்று. வளையல் முழங்கை வரை ஏறியது. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். குறையில்லாத உடம்பு நாளுக்கு நாள் கரைந்தது.

"வீடு செத்தாப்ல கெடக்கு, ஜெஸி" என்றாள் ஒருநாள்.

"நீதானம்மா அசையாத வீடு வேணும்னு கேட்ட?"

"கேட்டேன். இல்லைங்கல. வாங்கின பெறவுதான தெரியுது." சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். "இத்தன வருசமா அந்தச் சத்தத்துலயே ஒறங்கிட்டேன். ஒங்கப்பாவும் அந்தச் சத்தத்துலதான் ஒறங்குவாரு. இங்க காது அடைச்சிக் கெடக்கு."

ஜெஸி மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக நின்று அழுதாள். அம்மா இன்னொரு மழையைத் தாண்ட மாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. டுக்டுக் படகு ஒன்று வேண்டும்.

தேடும்போதுதான், முன்பு மூலைக்கு மூலை கிடந்த பொருள் ஊரில் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. மார்க்கெட்டில் ரிமோட்டில் பறப்பதும் பாட்டுப் பாடி ஆடுவதும் இருந்தன, திரியில் ஓடுவது இல்லை. கடைக்காரர்கள் எல்லோரும் நாற்பது வயதுக்காரர்கள். "அரே, அந்த டுக்டுக்கா!" என்று முகம் மலர்வார்கள், தாங்கள் அதைக் குளியல் வாளியில் விட்ட கதையைச் சொல்வார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள், கடைசியில் இல்லை என்பார்கள். ஒருவன் சொன்னான், முலுண்டில் ஒரு ஆள் பழைய பொம்மையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறான், போய்ப் பாருங்கள் என்று. போய் மணியடித்தால் கதவைத் திறந்தது ரிஜோ.

கம்ப்யூட்டர் வேலையில் சம்பாதித்ததில் பாதியை அவன் ஹாலில் கண்ணாடி அலமாரியாக நிறுத்தியிருந்தான். தவளைகள், படப்பெட்டிகள், கேப் துப்பாக்கிகள், எல்லாவற்றுக்கும் நடுவில் பல்குறி பட்ட வளைய டப்பா. மேல் தட்டில் சிவப்பும் நீலமுமாக ஒரு டுக்டுக் படகு, அட்டைப்பெட்டிகூடக் கலையாமல். ஜெஸி அதைவிட்டு நகரவில்லை. எட்டு வயதில் நின்ற அதே இடத்தில் மறுபடி நின்றாள்.

"இத எனக்குத் தா, ரிஜோ."

"இது வெளயாட இல்ல, ஜெஸி. சும்மா பாக்கதுக்கு. ரெண்டு வருசம் தேடிப் புடிச்சேன், பாத்துக்கோ."

"தண்ணில விடாத படகு என்ன படகுல? தகரம்."

அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மாவின் சங்கதியை அவள் சொல்லச் சொல்ல முகம் மாறியது. "ஆன்ட்டி தூங்கவே இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டான். அந்தப் பெருமழையில் லூசியம்மாள் கையால் வாங்கிக் குடித்த தேயிலை அவன் நாக்கில் வந்திருக்க வேண்டும். அலமாரியைத் திறந்து, படகை எடுத்து, சட்டை நுனியால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தான்.

"ஒரே கண்டிஷன். பில்டிங் கெளம்பும்போது நானும் இருக்கணும்."

"லீவு தருவானா?"

"வேலையே போனாலும் வருவேன்."

முலுண்டிலிருந்து வருகிற ஸ்லோ லோக்கல் ரயிலில்தான் ஜெஸி படகைப் புரட்டிப் பார்த்தாள். சுக்கான் நேராக இருந்தது. புதுப்பொம்மை அல்லவா, யாரும் வளைக்கவில்லை. நேர்ச் சுக்கானோடு வைத்திருந்தால் கட்டடம் நேரே கடலுக்குப் போயிருக்கும், திரும்ப வந்திருக்காது. சயான் வருவதற்குள் பெருவிரலால் மெல்ல மெல்ல அழுத்தி, ஒடிந்துவிடாமல் ஒரு பக்கமாக வளைத்தாள். திருவிழாவன்று மெழுகு விற்கிறவளிடம் மாடி வீடு கேட்டாள். இப்போதெல்லாம் அதுதான் அதிகம் போகிறதாம், உடனே எடுத்துக் கொடுத்தாள். வரிசையில் நின்று, வெயிலில் மெழுகு இளகும்வரை பொறுத்திருந்து, மாடி வீட்டைப் படகின் மேல் வைத்து அழுத்தி ஒட்டினாள். காணிக்கை வாங்குகிறவர் பொம்மையைத் தனியாக எடுக்கப் பார்த்தார். "ரெண்டும் சேந்துதான், பாதர். பிரிக்காதிய" என்றாள். அவளைச் சுற்றி நின்றவர்கள், பாவம் யாரோ பிள்ளையில்லாதவள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தையும் கோடையையும் லூசியம்மாள் கஞ்சித் தண்ணீரில் ஓட்டினாள். 2024 ஜூலையில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. ரிஜோ லீவு போட்டுவிட்டு முதல்நாள் சாயங்காலமே வந்துவிட்டான், தோளில் பையும் கையில் வலைக்கரண்டியுமாக. மறுநாள் காலையில் இருபத்திரண்டு மாடியிலும் பால் காய்ச்ச அடுப்புகள் எரிந்த நேரம், கட்டடத்தின் பின்னால் இரண்டு பெரிய வடிகால் குழாய்களும் தொண்டையைச் செருமின. டுக் என்றது ஒன்று. டுக் என்றது மற்றொன்று. பிறகு இரண்டும் சேர்ந்துகொண்டன. கட்டடம் ஒரு சாண் உயர்ந்து, பக்கத்துக் கட்டடத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி, கேட்டை இடிக்காமல் தொண்ணூறடி ரோட்டில் இறங்கியது. வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி நின்றான். பின்னால், இடித்த சந்தின் அடியிலிருந்து தவளைகளும் விசில்களும் குண்டுகளும் சாரி சாரியாக எழும்பி வந்தன. நாற்பது வயது ஆண்களும் பெண்களும் கீழ்மாடி ஜன்னல்களில் தொங்கிக்கொண்டு, "அது எனக்குள்ளது! அந்தப் பச்ச தவள எனக்குள்ளது!" என்று கத்தினார்கள். ரிஜோ இரண்டாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலிலிருந்து அள்ளி அள்ளி அவரவர் கையில் கொடுத்தான். ஒன்றைக்கூடத் தன் பையில் போடவில்லை.

கட்டடத்துச் சொசைட்டி செக்ரட்டரி பிரம்மநாயகம் மட்டும் கொதித்துப்போனார். முன்னறிவிப்பு இல்லாமல், கமிட்டியில் தீர்மானம் இல்லாமல் கட்டடம் எப்படிக் கிளம்பலாம்? விசாரித்தபோது எல்லோரும் பதினைந்தாவது மாடியைக் கைகாட்டினார்கள். லிப்டில் ஏறி வந்து, சண்டைக்குத் தயாராகக் கதவைத் தட்டினார். ஜெஸி உதட்டில் விரல் வைத்துக்கொண்டு திறந்தாள். உள்ளே ஹாலில், டைல்ஸ் தரையில் பாயைக்கூட விரிக்காமல், சுவரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு லூசியம்மாள் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். வருஷம் ஒன்றாகத் தூங்காதவள் என்பது பிரம்மநாயகத்துக்கும் தெரியும். அடுப்பில் அவள் வைத்த தேயிலைத் தண்ணீர் சிந்தாமல் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஸ்டவ்வ அணைக்கட்டுமா அண்ணாச்சி?" என்று ஜெஸி மெல்லக் கேட்டாள்.

"வேண்டாம், வேண்டாம். எரியட்டும்" என்றார் அவரும் மெல்ல. "சயானத் தாண்டி இன்னொரு சுத்து வரட்டும். அக்கா முழிக்கட்டும், பேசிக்கிடலாம்."

லூசியம்மாள் எழுந்தபோது கட்டடம் மூன்று சுற்றுப் போய்விட்டுப் பழைய இடத்தில் நின்றுகொண்டிருந்தது. எழுந்ததும் பசிக்கிறது என்றாள். மீன்குழம்பு கேட்டாள். பேச வேண்டியதை யாரும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிப்ட் பக்கத்தில் சொசைட்டி ஒரு அறிவிப்பு ஒட்டியது. இப்போதும் ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் புதிதாக ஒட்டுகிறார்கள். மழைக்காலத்தில் பக்கத்துக் கட்டடத்தோடு சேர்த்துத் துணிக்கயிறு கட்ட வேண்டாம் என்று அதில் கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறது.